‘அப்புறம் வா’ என்று சொன்னால் அன்றைக்கே எழுதுங்கள்

கோவையில் தொழிலாளர் வழக்குகள் நடத்த ஆரம்பித்து 22 வருடம் ஆகிறது. ‘உன்னை வேலையை விட்டு நீக்குகிறோம்’ என்று எழுதிக் கொடுத்த உத்தரவோடு என்னிடம் வருகிறவர்கள் மிகவும் குறைவு. பெரும்பாலானவர்கள் கொண்டுவருவது ஒரு வாய்வார்த்தையைத்தான். ‘ஒரு வாரம் வீட்ல இரு.’ ‘மேனேஜரைப் பாத்துட்டு உள்ள போ.’ ‘ஆள் போட்டாச்சு, கூப்பிடுறோம், அப்புறம் வா.’ இந்த வார்த்தைகளில் எதிலும் ‘நீக்கம்’ என்ற சொல்லே இருக்காது. சொன்னவர் பின்னால் நீதிமன்றத்தில் நின்று, “நாங்கள் யாரையும் அனுப்பவில்லை, அவராகத்தான் வருவதை நிறுத்திக்கொண்டார்” என்பார். என் தொழிலில் பாதி, காற்றில் போன அந்த வார்த்தையை எப்படியாவது காகிதத்துக்குக் கொண்டுவருவதுதான்.

ஒரு வழக்கை முழுதாகச் சொன்னால் இது விளங்கும். ஆளை அடையாளம் காட்டுகிற விவரங்களையும் மில்லின் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

2017 டிசம்பர், கார்த்திகை தீபம் முடிந்த வாரம். ஒரு நூற்பாலையில் 11 வருடம் ஸ்பின்னிங்கில் சைடராக, அதாவது நூற்பு இயந்திரத்தைக் கவனிப்பவராக, வேலை செய்தவர், மனைவியோடு வந்தார். மஞ்சள் பையில் இ.எஸ்.ஐ. அட்டை, நாலைந்து சம்பளச் சீட்டு, ஒரு போனஸ் கவர். அவ்வளவுதான். அவர் சொன்னது இது: “ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் அப்பா போயிட்டாருங்க. காரியமெல்லாம் முடிச்சுட்டு மில்லுக்குப் போனா, பலகையில என் டோக்கன் இல்லீங்க. மேனேஜர் கூப்பிடுறோம் அப்புறம் வாங்கன்னாருங்க. நானும் கூப்பிடுவாங்கன்னு இருந்துட்டேனுங்க.”

நாலு மாதம் இருந்துவிட்டார். அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். 11 வருடம் ஒரே வாசலில் நுழைந்தவருக்கு, அந்த மேனேஜர் பொய் சொல்வார் என்று தோன்றாது. வழக்குப் போட்டால் திரும்ப எடுக்க மாட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் வேறு சொல்லியிருந்தார்கள். இப்படிப் பொறுமையாகக் காத்திருக்கிற நாட்களைத்தான் நிர்வாகம் பின்னால் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறது. ‘நீக்கப்பட்டிருந்தால் நாலு மாதம் ஏன் சும்மா இருந்தார்?’ என்ற கேள்வி ஒவ்வொரு குறுக்கு விசாரணையிலும் வரும்.

யார் வந்தாலும் முதல் அரை மணி நேரம் நான் எழுத மாட்டேன், கேட்க மட்டும் செய்வேன். அதற்கப்புறம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் கோடு போடுவேன். இடது பக்கம் தேதி, வலது பக்கம் நடந்தது. தேதி யாருக்கும் நினைவிருக்காது. பண்டிகையும் சாவும் கல்யாணமும்தான் நினைவில் இருக்கும். அதனால் என் அலமாரியில் பழைய வருடத்துப் பஞ்சாங்கங்களை அடுக்கி வைத்திருக்கிறேன். ஆடிப் பதினெட்டு அந்த வருடம் ஆகஸ்ட் 3. அப்படியானால் அப்பா இறந்தது 4-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. திரும்ப மில்லுக்குப் போனது 17-ஆம் தேதி, வியாழக்கிழமை. இரண்டையும் அவர் மனைவி இன்னொரு கணக்குப் போட்டுச் சரிபார்த்துச் சொன்னார்: “ஆமாங்க, காரியம் முடிஞ்ச மறுநாள்தான் போனாரு.” நான் பார்த்தவரை வீட்டுப் பெண்களுக்குத்தான் தேதிகள் துல்லியமாகத் தெரிகின்றன. அதனால் மனைவியை, இல்லாவிட்டால் அம்மாவை, உடன் அழைத்து வரச் சொல்வது என் வழக்கம்.

பிறகு அவருடைய பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கைப் பார்த்தோம். அந்தக் கணக்குக்கான யு.ஏ.என். எண் சம்பளச் சீட்டிலேயே இருந்தது, ஆனால் செல்போன் எண் இணைக்கப்படவில்லை. அதை இணைத்து, கணக்கைத் திறந்து பார்க்கவே ஒரு வாரம் ஆயிற்று. உள்ளே போய்ப் பார்த்தால், வேலையை விட்டு விலகிய தேதி என்று மில் பதிவு செய்திருந்தது ஆகஸ்ட் 12. அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று காலண்டரில் எண்ணிப் பார்த்தேன். 4, 5, ஞாயிறு விட்டு 7 முதல் 12 வரை. சரியாக எட்டு வேலை நாள். உடனே புரிந்துவிட்டது. அந்த மில்லின் நிலையாணைகளில் (பணி விதிகளில்), அனுமதியில்லாமல் தொடர்ந்து எட்டு நாள் வராதவர் தானாக வேலையை விட்டதாகக் கருதப்படுவார் என்று ஒரு விதி இருக்கும், அதைப் பிடித்திருக்கிறார்கள்.

இந்த எட்டு நாள் விதிக்கு நம் ஊரிலேயே ஒரு வரலாறு உண்டு. சென்னை பெரம்பூரில் இருந்த பக்கிங்காம் கர்நாடிக் மில்லின் வழக்கில் 1960-களில் உச்ச நீதிமன்றம் இதே மாதிரியான விதியை ஏற்றுக்கொண்டது. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றக் காரணமாக இருந்தவர்களும் அந்த மில் தொழிலாளர்கள்தான். அந்த மில்லின் பெயரையே சொல்லி தொழிலாளியை வெளியே அனுப்பலாம் என்று நிர்வாக வழக்கறிஞர்கள் வாதாடுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். நல்லவேளையாகச் சட்டம் அங்கேயே நின்றுவிடவில்லை. 1993-இல் டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிலையாணையில் அப்படி எழுதியிருந்தாலும் தொழிலாளிக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் பெயரை அடிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. ‘எட்டு நாள் வரலைன்னா வேலை போயிரும்னு ரூல் இருக்குங்க’ என்று யாராவது உங்களிடம் சொன்னால், கதை அதோடு முடியவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது சமரசப் பேச்சுவார்த்தை. தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுத்தோம். இங்கே வழக்கறிஞர்களுக்கு இடமில்லை. அப்போதிருந்த 1947-ஆம் ஆண்டு தொழிற்தகராறு சட்டத்தின் 36-ஆவது பிரிவு அதைத் தெளிவாகச் சொன்னது. தொழிலாளியோ சங்கத்துக்காரரோதான் பேச வேண்டும். நான் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். இதனால் வருகிற நல்லது என்னவென்றால், அவர்களே பேசப் பழகிவிடுகிறார்கள். பின்னால் கூண்டில் ஏறும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்கும். அவரிடம் நான் சொல்லி அனுப்பியது இரண்டே விஷயம். ஒன்று, கோபப்பட்டுக்கூட ‘எனக்கு உங்க வேலையே வேண்டாம்’ என்று சொல்லிவிடக் கூடாது. இரண்டு, என்ன எழுதுகிறார்களோ அதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

மில்லிலிருந்து வந்த பர்சனல் ஆபீசர் இரண்டு கடித நகல்களைக் கொடுத்தார். ஆகஸ்ட் 29-இலும் செப்டம்பர் 12-இலும் ‘உடனே வேலைக்கு வரவும்’ என்று அனுப்பியதாம். இரண்டும் தொழிலாளி மூன்று வருடம் முன்பு காலி செய்த வாடகை வீட்டு விலாசத்துக்குப் போய், ‘விலாசதாரர் இல்லை’ என்று தபால்காரர் எழுதித் திரும்பி வந்திருந்தன. புது விலாசம் மில்லில் கொடுத்திருந்தாரா என்றால், வாயால் சொன்னாராம். வீடு மாறினால் மறுவாரமே கம்பெனிக்கு எழுத்தில் விலாசம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். ரேஷன் கார்டுக்கு அலைகிற அலைச்சலில் நூற்றில் ஒரு பங்கு போதும்.

ஆனால் அந்தக் கடிதங்களைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் நம்பிக்கை வந்தது. ஆகஸ்ட் 12-ஆம் தேதியோடு விலகிவிட்டார் என்று பி.எஃப். அலுவலகத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆகஸ்ட் 29-ஆம் தேதி அவரையே வேலைக்கு வரச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? இதைச் சமரசத்தில் சொல்லாதே என்று அவரிடம் சொல்லிவிட்டேன். எல்லாத் துருப்பையும் முதல் நாளே போடக் கூடாது.

அந்த அமர்வில் பர்சனல் ஆபீசர், “நாங்க அனுப்பவே இல்லீங்க சார், நாளைக்கே வரட்டும்” என்றார். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கே ‘வரட்டும்’ என்பார்கள், வாசலில் வேறு கதை நடக்கும். இருந்தாலும் போகத்தான் வேண்டும். போகாவிட்டால், கூப்பிட்டும் வரவில்லை என்று ஆகிவிடும். அன்று இரவு என் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். அவர் கையெழுத்திலேயே, ஆறு வரி. சமரச அலுவலர் முன்னால் நிர்வாகம் சொன்னதன்படி இன்று காலை முதல் ஷிஃப்டுக்கு வந்திருக்கிறேன், என்னை வேலை செய்ய அனுமதிக்கவும் என்று.

காலை ஐந்தே முக்காலுக்கு வாசலில் நின்றார். வாட்ச்மேன் உள்ளே போன் செய்துவிட்டு, “ஐயா வந்தப்புறம் பேசிக்கலாம், இப்ப போங்க” என்றார். கடிதத்தை வாங்கவும் மறுத்துவிட்டார். பத்து மணி வரை நின்றுவிட்டு, நேராகத் தபால் நிலையத்துக்குப் போனார். கடிதத்தின் கீழே ‘வாசலில் அனுமதி மறுக்கப்பட்டது, காலை 10 மணி வரை காத்திருந்தேன்’ என்று ஒரு வரி சேர்த்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினார். ஐந்தாறு நாளில் அந்த அட்டை திரும்பி வந்தது. ஓரத்தில் கொஞ்சம் மழையில் நனைந்த மாதிரி மை கலைந்திருந்தது. ஆனால் மில்லின் வட்ட முத்திரையும் டைம் ஆபீஸ் கிளார்க்கின் சுருக்கொப்பமும் தேதியும் தெளிவாக இருந்தன. இப்போது பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது. பெயர் எதுவானாலும், யார் எப்போது வாங்கினார் என்ற அத்தாட்சி உங்கள் கைக்கு வரும்படி அனுப்புங்கள். மின்னஞ்சல் இருந்தால் அதிலும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அழித்துவிடாமல் வையுங்கள், போனையும் மாற்றாதீர்கள்.

சமரசம் முறிந்தது. தமிழ்நாட்டில் 1988-ஆம் ஆண்டு மாநிலத் திருத்தத்திலிருந்தே, வேலைநீக்க வழக்கில் அரசு வழக்கை அனுப்பட்டும் என்று காத்திருக்காமல் தொழிலாளி நேராகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. 2010-இல் மத்தியச் சட்டத்திலும் அந்த வழி வந்தது. சமரச மனு கொடுத்து 45 நாள் ஆகிவிட்டால் போகலாம், வேலை போன நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் போக வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் மூன்று வருடம் இரண்டு வருடமாகக் குறைந்துவிட்டது. ‘இன்னும் காலம் இருக்கே’ என்று பழைய கணக்கில் உட்கார்ந்திருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2018-இல் வழக்குத் தாக்கல். வாய்தாக்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எதிர் உரைக்கு, அதாவது நிர்வாகத்தின் எழுத்துப் பதிலுக்கு, ஏழு மாதம் வாங்கினார்கள், இடையில் கொரோனா வந்தது, நீதிமன்றம் மூடிக் கிடந்தது. அந்தக் காலத்தில் அவர் ஒரு காய்கறி மண்டியில் மூட்டை இறக்கப் போனார். தினம் வேலை இருக்காது, கிடைக்கிற அன்று 300, 350. இதை என்னிடம் மறைக்கவில்லை. மறைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அதற்குக் காரணம் என் பழைய தவறு ஒன்று.

தொழிலுக்கு வந்த நாலாவது வருடம். ஒரு ஃபவுண்டரித் தொழிலாளியின் வழக்கு, எல்லாம் அவர் பக்கம்தான் இருந்தது. நிரூபண வாக்குமூலத்தில் ‘வேலை நீக்கத்துக்குப் பின் வருமானம் ஏதும் இல்லை’ என்று எப்போதும் போடுகிற வரியை நானே போட்டுவிட்டேன். அவரைக் கேட்கவில்லை. குறுக்கு விசாரணையில் நிர்வாக வழக்கறிஞர் ஒரு புகைப்படத்தை நீட்டினார். ஷேர் ஆட்டோவின் ஓட்டுநர் இருக்கையில் என் கட்சிக்காரர். அவர் தலையைக் குனிந்தார். பிறகு அவர் சொன்ன உண்மைகளையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் பார்த்தார். வேலை திரும்பக் கிடைத்தது, பின்சம்பளம் (வெளியே இருந்த காலத்துக்கான சம்பளம்) ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு பெண் குழந்தைகள் அவருக்கு. அந்தப் பணம் என் ஒரு வரியால் போனது என்பதை நான் மறக்கவில்லை.

பின்சம்பளம் என்பது தானாக வருவதில்லை. 2013-இல் தீபாலி குண்டு சுர்வாசே வழக்கில் உச்ச நீதிமன்றம் முறையை வகுத்துக் கொடுத்தது. நீக்கியது தவறு என்றால் பின்சம்பளத்தோடு வேலை என்பதுதான் இயல்பான விதி. ஆனால் தனக்கு வேறு வேலை இல்லை, அல்லது குறைந்த கூலிக்குத்தான் போனேன் என்பதைத் தொழிலாளி முதலில் சொல்ல வேண்டும். சொன்னபின், இல்லை நல்ல சம்பளத்தில் இருந்தார் என்று காட்டுகிற பொறுப்பு நிர்வாகத்துடையது. ஆகவே வயிற்றுப்பாட்டுக்கு மூட்டை தூக்கினால் அதைத் தைரியமாகச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பட்டினி போடாமல் பார்த்துக்கொண்டதற்காக எந்த நீதிபதியும் கோபித்துக்கொள்வதை நான் பார்த்ததில்லை. பொய் சொன்னால்தான் கோபம் வரும்.

சைடர் அண்ணன் கூண்டில் ஏறி, மண்டி வேலையை அவராகவே சொல்லிவிட்டார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தப் பக்கத்தை அப்படியே புரட்டிவிட்டார், கேட்க ஒன்றுமில்லை. பிறகு டைம் ஆபீஸ் கிளார்க் சாட்சியாக வந்தார். நல்ல மனிதர், பயந்த மனிதர். அவரை மிரட்ட எனக்கு விருப்பமில்லை. ஒப்புகை அட்டையை அவர் கையில் கொடுத்தேன்.

“இது உங்கள் மில் முத்திரையா?”

“ஆமாங்க.”

“கையெழுத்து?”

“என்னோடதுதாங்க.”

“கவருக்குள்ளே இருந்த கடிதத்தைப் படித்தீர்களா?”

“பிரிச்சு ஆபீசுக்குக் கொடுத்துட்டேனுங்க.”

“அதற்கு மில் பதில் அனுப்பியதா?”

கொஞ்ச நேரம் எதிர்த்தரப்பு மேசையைப் பார்த்தார். “இல்லீங்க.”

அதற்கப்புறம்தான் பி.எஃப். பதிவையும் ஆகஸ்ட் 29 கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். விலகியவரை ஏன் கூப்பிட்டீர்கள், கூப்பிட்டவரை ஏன் விலகியதாகக் காட்டினீர்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை. நான் உரத்துப் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. மொத்தம் இருபது நிமிடம்.

2021-இல் தீர்ப்பு. பணித்தொடர்ச்சியோடு மீண்டும் வேலை, பாதிப் பின்சம்பளம். மண்டியில் கிடைத்ததைக் கழித்துப் பாதி என்று நீதிபதி எழுதினார். நியாயமான தீர்ப்பு என்றுதான் எனக்குப் பட்டது. எதிர்பார்த்தபடி நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டுத் தடை வாங்கியது. இந்த இடத்தில் பலரும் நொந்து போய் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. பழைய சட்டத்தின் 17-பி பிரிவின்படி, மீண்டும் வேலை கொடு என்ற தீர்ப்பை எதிர்த்து நிர்வாகம் மேலே போனால், வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதாமாதம் கொடுக்க வேண்டும். வேறு வேலையில் இல்லை என்று தொழிலாளி பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் மனுப் போட்டோம். மாதம் 10,400 ரூபாய். கடைசி நாள் அவர் வாங்கிய சம்பளம் அது. மாதாமாதம் பணம் போக ஆரம்பித்ததும், சமரசத்துக்குப் பிடிகொடுக்காதவர்கள் தாங்களாகவே போன் செய்தார்கள்.

2023-இல் ஒரு மொத்தத் தொகைக்கு ஒத்துக்கொண்டு முடித்தோம். ஒத்துக்கொள்வதா வேண்டாமா என்று என்னைக் கேட்டார். அவருக்கு அப்போது 51 வயது. நானாக முடிவு சொல்லவில்லை. ஒரு தாளில் ஒரு பக்கம் கொடுக்கிற தொகை, மறுபக்கம் வழக்கு ஜெயித்தால் எப்போது எவ்வளவு வரும், தோற்றால் என்ன என்று எழுதிக் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் யோசித்து வரச் சொன்னேன். இந்த இரண்டு நாள் முக்கியம். பேச்சுவார்த்தை மேசையில் உடனே கையெழுத்துக் கேட்டால், எவ்வளவு நல்ல தொகையாக இருந்தாலும் மறுநாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

ஒப்பந்தம் எழுதும்போது அவருடைய பணிக்கொடையை, அதாவது கிராஜுவிட்டியை, தனி வரியாகப் போடச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தேன். பல நிறுவனங்கள் ‘எல்லாம் சேர்த்து முழுசாக வாங்கிக்கொண்டேன்’ என்ற வாக்கியத்துக்குள் பணிக்கொடையைக் கரைத்துவிடும். ஐந்து வருடம் வேலை செய்திருந்தால் அது உங்கள் உரிமை, யாரும் போடுகிற பிச்சை இல்லை. அப்போதைய கணக்கு எளிது. கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். அவருக்கு 10,400-ஐ 26-ஆல் வகுத்தால் 400. பதினைந்து நாளுக்கு 6,000. பதினொரு வருடத்துக்கு 66,000. வழக்கு நடந்த வருடங்களையும் சேர்த்து எண்ண வைத்தோம், பணித்தொடர்ச்சி என்று தீர்ப்பிலேயே இருந்ததால் அது முடிந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே நிர்வாகம் ஏதாவது காசோலை அனுப்பினால், வாங்கலாமா என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ‘என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

நான் முதலாளிகளுக்கும் ஆஜராவதுண்டு, பெரும்பாலும் சிறு பட்டறைக்காரர்கள். அவர்களும் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள், கோபத்தில் வாயால் அனுப்பிவிடுவது. கோவை கணபதியில் 14 பேர் வேலை செய்கிற ஒரு லேத் பட்டறை. பித்தளைக் கழிவு திருடு போனது. எடுத்தவர் யார் என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். உரிமையாளர் அன்று சாயங்காலமே வெளியே போ என்றுவிட்டார். சார்ஜ் மெமோ இல்லை, விளக்கம் கேட்கவில்லை, உள்விசாரணை இல்லை. “ஊருக்கே தெரியுமுங்க வக்கீலம்மா” என்றார். ஊருக்குத் தெரிந்தது நீதிமன்றத்துக்குத் தெரியாது. உள்விசாரணை நடத்தாவிட்டாலும் நீதிமன்றத்திலேயே குற்றத்தை நிரூபிக்க வாய்ப்புக் கேட்கலாம், ஆனால் அதை எதிர் உரையிலேயே கேட்டுவிட வேண்டும். கேட்டோம், கிடைத்தது. மூன்று வருடம் கழித்து யார் வந்து சாட்சி சொல்வார்? பார்த்தவர்களில் இருவர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். அவர் தோற்றார். அவர் பக்கம் உண்மை இருந்தும் தோற்றார் என்பதால் எனக்கு வருத்தம் அதிகம்.

அவரைப் போன்றவர்களுக்கு நான் சொல்வது: அன்றே ஒரு தாளில் குற்றச்சாட்டை எழுதிக் கொடுங்கள், ஒரு வாரம் விளக்கத்துக்கு விடுங்கள், புகார் கொடுத்தவரே விசாரணை அதிகாரியாக உட்கார வேண்டாம், சாட்சி சொல்கிறவரைத் தொழிலாளி குறுக்குக் கேள்வி கேட்கட்டும். முறையாகச் செய்தால்கூட, தண்டனை அதிகம் என்று பட்டால் குறைக்கிற அதிகாரம் 1971 திருத்தத்திலிருந்து தொழிலாளர் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. ஒருமுறை தாமதமாக வந்ததற்கு வேலையைப் பறித்தால் நிற்காது.

இப்போதெல்லாம் மில்லைவிட சரவணம்பட்டிப் பக்கத்து ஐ.டி. கம்பெனிகளிலிருந்துதான் அதிகம் பேர் வருகிறார்கள். அங்கே ‘அப்புறம் வா’ என்பதற்குப் பதில், கதவைச் சாத்திக்கொண்டு ‘நீங்களே ராஜினாமா பண்ணிருங்க, ரிலீவிங் லெட்டர் நல்லபடியா தர்றோம்’ என்கிறார்கள். இதுவும் அதே வேலைதான். பதவியின் பெயரில் ‘மேனேஜர்’ என்று இருந்தாலே தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்று பலர் நினைக்கிறார்கள். பெயரைவிட, தினமும் செய்கிற வேலை என்ன என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். கீழே யாரும் இல்லாமல், லீவு கொடுக்கவும் தண்டிக்கவும் அதிகாரம் இல்லாமல், நாள் முழுக்க நிரல் எழுதுகிறவர் மேனேஜர் என்று அட்டை வைத்திருந்தாலும் வாதாட இடம் இருக்கிறது.

போன மாதம் ஒரு பெண்ணிடமிருந்து போன். குரல் மிகவும் தாழ்ந்து இருந்தது. அலுவலகக் கழிவறையிலிருந்து பேசினார். ஹெச்.ஆர். அறையில் ஒரு மணி நேரமாக உட்கார வைத்திருக்கிறார்கள், மடிக்கணினியைத் திறந்து ராஜினாமாவைத் தட்டச்சு செய்யச் சொல்கிறார்கள், தண்ணீர் குடிக்க என்று சொல்லி வந்திருக்கிறார். ஏழு வருடம் அங்கே வேலை.

“எதிலாவது கையெழுத்துப் போட்டீங்களாம்மா?”

“இன்னும் இல்ல மேடம்.”

“உங்க சொந்த மெயில் போன்ல இருக்கா?”

“இருக்கு.”

“நான் சொல்றதை அப்படியே அடிங்க. அவங்க பேர், நேரம் சரியாப் போடுங்க. கம்பெனி மெயில் வேண்டாம், அதை எப்ப வேணா மூடிருவாங்க.”

மெதுவாகச் சொன்னேன். இன்று பிற்பகல் 3.40 முதல் இன்னார் இன்னார் முன்னிலையில் என்னை ராஜினாமா செய்யச் சொல்லி வற்புறுத்தினார்கள். நான் ராஜினாமா செய்ய விரும்பவில்லை. நாளை வழக்கம்போல் வேலைக்கு வருவேன். இதை அவர் ஆங்கிலத்தில் அடித்து எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினார். கை நடுங்கியதால் ஒரு பெயரில் எழுத்துப்பிழை, அதைத் திருத்தினார்.

அனுப்பியபோது மணி 4.52. மறுநாள் அவருடைய அட்டைக்கு வாசல் திறக்கவில்லை. அதையும் வாசலில் நின்றபடியே இரண்டாவது மெயிலாக எழுதிவிட்டார். சமரச அலுவலரிடம் முதல் அமர்வு வருகிற வியாழக்கிழமை.